எச்.ஐ.வி. நோயாளியும் நம் ஸஃப்பில் நிற்பவரே

  

   

1988-ஆம் ஆண்டிலிருந்து ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் முதல் நாள் உலக எய்ட்ஸ் தினமாக அனுசரிக்கப்பட்டு வருகிறது. அந்த நாளில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஊர்வலம் போவதை நாம் பார்த்திருப்போம். அது யாருக்கோ உரிய செய்தி என்று கடந்தும் போயிருப்போம். மிம்பரில் பேசுவதற்கு ஏற்ற விஷயமா இது என்று சிலர் எண்ணக்கூடும். நானும் பல ஆண்டுகள் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அந்த எண்ணம் தவறு என்பதை எனக்கு உணர்த்தியவர் நமக்கிடையே வாழும் ஒரு சகோதரர்.

ஒரு சகோதரரின் கேள்வி

அவரது அனுமதியைப் பெற்று, அடையாளங்களைத் தவிர்த்து இதைச் சொல்கிறேன். அவர் யார் என்று தேடாதீர்கள். பிறர் குறைகளைத் துருவித் துருவி ஆராயக் கூடாது என்பது குர்ஆனின் கட்டளை (49:12).

நம் சென்னை மேற்குப் புறநகரின் பட்டறை ஒன்றில் லேத் வேலை பார்த்தவர் அவர். வளைகுடா நாடு ஒன்றிற்குச் செல்ல ஏற்பாடு செய்தார். விசாவுக்கான மருத்துவப் பரிசோதனையில் ‘அன்ஃபிட்’ என்று வந்தது. காரணம் எச்.ஐ.வி. அந்தச் செய்தியைத் தன் நெருங்கிய நண்பர் ஒருவரிடம் மட்டும் சொல்லி அழுதார். ஒரு மாதத்திற்குள் அது தெரு முழுவதும் பரவிவிட்டது.

அந்த ஆண்டு ரமளான் வந்தது. ஒருநாள் இஃப்தாருக்குப் பின் பள்ளியில் ஸஹன் சாப்பாடு. வழக்கமாக ஒரு ஸஹனுக்கு நான்கு பேர் அமர்வோம் அல்லவா? அவர் ஒரு ஸஹனின் முன்னால் அமர்ந்தார். அவருக்கு எதிரே அமர வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு ஸஹனைத் தேடிப் போனார்கள். எங்கள் மோதினார், எழுபது வயதைக் கடந்தவர், மெதுவாக நடந்து சென்று அவர் எதிரில் அமர்ந்து, அதே ஸஹனில் கை வைத்து உண்டார். அங்கே அமர்ந்திருக்க வேண்டிய மற்றொருவன் நான். எனக்கு வேலை இருப்பதாகச் சொல்லிக்கொண்டு என் அறைக்குள் போய்விட்டேன்.

சகோதரர்களே! ஏழு ஆண்டுகள் மத்ரஸாவில் ஓதி, ஹதீஸ் கிதாபுகளை முடித்து, ஸனது வாங்கியவன் நான். நோயாளியை நலம் விசாரிப்பதன் சிறப்பு பற்றி எத்தனையோ முறை பயான் செய்தவன். அன்று அந்த ஸஹனின் முன்னால் என் இல்மு எனக்கு உதவவில்லை. எழுத்தறிவு அதிகமில்லாத மோதினாருக்கு அவரது ஈமான் உதவியது.

அதன் பின்னர் அந்தச் சகோதரர் பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டார். பல மாதங்கள் கழித்து ஒரு மாலையில் அவரைத் தேடி அவர் வீட்டிற்குச் சென்றேன். மெலிந்து போயிருந்தார். ஸலாம் சொல்லி அமர்ந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி இது: “ஹழ்ரத், நான் மௌத்தாகிவிட்டால் என்னைக் குளிப்பாட்ட யாராவது வருவார்களா?”

உயிர் பிழைப்பேனா என்று அவர் கேட்கவில்லை. முஸ்லிமாக அடக்கம் செய்யப்படுவேனா என்றுதான் கேட்டார். இந்தக் கேள்விக்கு நம் ஜமாஅத் தரவேண்டிய பதிலே இன்றைய குத்பாவின் கருப்பொருள்.

நம் சென்னையில்தான் முதலில் தெரிய வந்தது

இந்தியாவில் இந்தக் கிருமி இருப்பது முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986-ஆம் ஆண்டு, நம் சென்னையில்தான். சென்னை மருத்துவக் கல்லூரியின் பேராசிரியர் டாக்டர் சுனிதி சாலமன் அவர்களும், அவரது மாணவி டாக்டர் நிர்மலா அவர்களும் சேகரித்த இரத்த மாதிரிகள் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் கிருமி இருப்பது தெரிந்தது. அதுவரை இது மேலை நாட்டு நோய், நம் நாட்டிற்கு வராது என்று பேசிக் கொண்டிருந்தார்கள்.

இதே பேச்சை நம் சமுதாயமும் இன்றுவரை வேறு விதமாகப் பேசி வருகிறது. முஸ்லிம்களுக்கு இது வராது, நாம் கத்னா செய்தவர்கள் என்கிறார்கள். கத்னா செய்த ஆணுக்குப் பெண்ணிடமிருந்து இக்கிருமி தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு குறைகிறது என்பது ஆப்பிரிக்காவில் நடந்த ஆய்வுகளில் உறுதியான உண்மையே. ஆனால் குறைவது வேறு, வராமலே இருப்பது வேறு. அது மனைவியைக் காக்கும் கவசமும் அன்று. இரத்தம் ஏற்றியதன் மூலமோ, ஊசியின் மூலமோ வருவதைத் தடுப்பதும் இல்லை. கிருமி ஒருவருடைய பெயரைக் கேட்டுவிட்டு உடலுக்குள் நுழைவதில்லை.

எப்படிப் பரவும்? எப்படிப் பரவாது?

கிருமியுள்ளவருடன் பாதுகாப்பற்ற உடலுறவு, கிருமியுள்ள இரத்தம், பலர் பயன்படுத்திய ஊசி, கர்ப்பத்திலும் பிரசவத்திலும் பாலூட்டும்போதும் தாயிடமிருந்து குழந்தைக்கு என்று இது பரவும் வழிகள் நான்கே.

முஸாஃபஹா செய்வதால் பரவாது. முஆனகா செய்வதால் பரவாது. ஒரே ஸஹனில் உண்பதால், ஒரே குவளையில் நீர் அருந்துவதால், ஒரே ஹவ்ளில் ஒளு செய்வதால், ஸஃப்பில் தோளோடு தோள் சேர்ந்து நிற்பதால், ஸஜ்தா செய்த இடத்தில் ஸஜ்தா செய்வதால் பரவாது. இருமலால், தும்மலால், கொசுக்கடியால் பரவாது. இவை அனைத்தும் பல்லாண்டு ஆய்வுகளுக்குப் பின் உறுதி செய்யப்பட்டவை.

தொழுநோயாளியைக் கண்டு விலகிச் செல்லுமாறு நபி (ஸல்) அவர்கள் கூறியதாக வரும் ஹதீஸை இங்கே சிலர் எடுத்துக் காட்டுவார்கள். அந்த ஹதீஸ் புகாரியில் இருக்கிறது, மறுப்பதற்கில்லை. கொள்ளைநோய் பரவிய ஊருக்குள் நுழையாதீர்கள், அங்கிருந்து வெளியேறாதீர்கள் என்ற போதனையும் இருக்கிறது. ஆனால் இவற்றின் நோக்கம் என்ன? ஒருவருடைய நோய் மற்றவருக்குத் தீங்கு விளைவிக்காமல் தடுப்பது. நெருங்கினால் பரவும் நோய்க்கு விலகல் முறை. நெருங்குவதால் பரவாத நோய்க்கு விலகல் ஏது? அங்கே விலகுவது பாதுகாப்பாகாது. ஒரு முஃமினின் உள்ளத்தைக் காயப்படுத்துவதாகவே ஆகும்.

இது என் சொந்தக் கருத்தன்று. 1995-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் அபுதாபியில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி எய்ட்ஸ் நோய் குறித்து விரிவாக ஆராய்ந்து தீர்மானம் நிறைவேற்றியது. சேர்ந்து வாழ்வதாலும், தொடுவதாலும், உணவையும் பானத்தையும் பகிர்வதாலும் இந்நோய் பரவுவதில்லை என்று மருத்துவம் உறுதி செய்திருப்பதால், நோயாளியைத் தனிமைப்படுத்துவது ஷரீஅத்தில் கடமையில்லை என்று அறிஞர்கள் முடிவு கூறினார்கள். அதே தீர்மானத்தில், தெரிந்தே வேண்டுமென்று பிறருக்கு இதைப் பரப்புவது ஹராம், பெரும்பாவம் என்றும் அறிவித்தார்கள். நோயாளிக்கு உரிமையும் உண்டு, பொறுப்பும் உண்டு.

“பாவத்தின் கூலி” என்று சொல்லலாமா?

அல்லாஹ் விபச்சாரத்தைச் செய்யாதீர்கள் என்று மட்டும் கூறவில்லை. அதன் அருகிலும் நெருங்க வேண்டாம் என்று தடுக்கிறான் (17:32). இந்தத் தடையை உறுதியாகப் பற்றிப் பிடிப்பதே முதல் பாதுகாப்பு. இளைஞர்களே! கற்பு என்பது பெண்ணுக்கு மட்டும் விதிக்கப்பட்டதன்று. வெளியூரில், வெளிநாட்டில், தனிமையில் இருக்கும் ஆணுக்கும் அதுவே சட்டம். இதைச் சொல்வதில் நான் ஒருபோதும் தளரமாட்டேன்.

ஆனால் ஒரு நோயாளியைக் கண்டதும் இவன் என்ன செய்தானோ என்று எண்ணுவது வேறு விஷயம். கணவனிடமிருந்து பெற்ற மனைவி இருக்கிறாள். பிறக்கும்போதே பெற்ற குழந்தை இருக்கிறது. இவர்கள் செய்த பாவம் என்ன? வெளியில் நின்று பார்க்கும் நமக்கு யார் எந்த வழியில் பெற்றார் என்பது தெரியாது, தெரிந்துகொள்ள வேண்டிய தேவையும் நமக்கில்லை.

சரி, ஒருவர் பாவம் செய்தே பெற்றார் என்று வைத்துக்கொள்வோம். அப்போது நபி (ஸல்) அவர்களின் வழிமுறை என்ன? ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ள, ஃகாமித் குலத்துப் பெண்மணியின் நிகழ்ச்சியை நினைத்துப் பாருங்கள். தன் தவறைத் தானே ஒப்புக்கொண்டு வந்த அந்தப் பெண் தண்டனைக்கு உள்ளானபோது, அவளை ஏசிய காலித் (ரலி) அவர்களை நபி (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள். அவள் செய்த தவ்பாவின் உயர்வை எடுத்துச் சொன்னார்கள். பின்னர் அவளுக்கு ஜனாஸாத் தொழுகை நடத்தி அடக்கம் செய்வித்தார்கள். நாயகத்தின் பள்ளியில் பாவிக்கும் கஃபன் இருந்தது, ஜனாஸா இருந்தது, கப்ரு இருந்தது. நம் மஹல்லாவில் ஒரு நோயாளிக்கு இவை மறுக்கப்படுமானால், நாம் யாருடைய ஸுன்னத்தைப் பின்பற்றுகிறோம்?

கருஞ்சீரகமும் மாத்திரையும்

அந்தச் சகோதரரின் கதைக்குத் திரும்புவோம். நோய் தெரிந்தவுடன் அவர் அரசு மருத்துவமனையில் பதிவு செய்து மாத்திரை சாப்பிடத் தொடங்கியிருந்தார். உடல் தேறியும் வந்தது. அப்போது நல்லெண்ணம் கொண்ட ஒருவர், இங்கிலீஷ் மருந்தை விட்டுவிடுங்கள், கருஞ்சீரகமும் தேனும் போதும், ஹதீஸில் இருக்கிறதே என்று சொன்னார். இவரும் மாத்திரையை நிறுத்திவிட்டார். வீட்டிற்கு வருவோர் கண்ணில் மாத்திரை டப்பா படுமே என்ற அச்சமும் ஒரு காரணம். நான்கு மாதம் கழித்துக் காய்ச்சல், இருமல், எடை குறைவு. காசநோய் பற்றிக்கொண்டது. எச்.ஐ.வி. உள்ளவர்களின் உயிரைப் பறிப்பதில் முதலிடம் காசநோய்க்கே. நான் பார்க்கச் சென்றது அந்த நிலையில்தான்.

கருஞ்சீரகத்தில் நிவாரணம் உண்டு என்பது ஸஹீஹான ஹதீஸ். அதை நாம் மதிக்கிறோம். ஆனால் மருத்துவம் செய்துகொள்ளுங்கள் என்று கட்டளையிட்டவர்களும் அதே நபி (ஸல்) அவர்கள்தாம். நிவாரணம் இல்லாமல் எந்த நோயையும் அல்லாஹ் இறக்கவில்லை என்று அறிவித்தவர்களும் அவர்களே. ஒரு ஹதீஸைக் கொண்டு மற்றொரு ஹதீஸை முறிக்கக் கூடாது.

அய்யூப் (அலை) அவர்களின் வரலாற்றைப் பாருங்கள். நீண்ட நோயில் பொறுமை காத்த அந்த நபி இறைவனிடம் கையேந்தியபோது, அல்லாஹ் நினைத்திருந்தால் ஒரு நொடியில் நோயை நீக்கியிருப்பான். ஆனால் பூமியைக் காலால் தட்டும்படி அவர்களுக்குக் கட்டளையிட்டான். அங்கே குளிப்பதற்கும் குடிப்பதற்கும் குளிர்ந்த நீர் தோன்றியது (38:42). நோயில் நலிந்த கால் அசைந்த பிறகே நீர் வந்தது. துஆ செய்த நபியும் ஒரு செயலைச் செய்ய வேண்டியிருந்தது. ஷாம் தேசத்தில் கொள்ளைநோய் என்று கேள்விப்பட்டுத் திரும்பிய உமர் (ரலி) அவர்களிடம், அல்லாஹ்வின் விதியிலிருந்தா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டபோது, அவனது ஒரு விதியிலிருந்து அவனது மற்றொரு விதியை நோக்கிச் செல்கிறோம் என்ற கருத்தில் பதிலளித்தார்கள். நோய் விதி என்றால் மருந்தும் விதியே.

மருந்தின் வேலை என்ன?

எச்.ஐ.வி. கிருமி நம் உடலைக் காக்கும் சிடி4 என்னும் வெள்ளணுக்களைத் தாக்கிக் குறைக்கிறது. காவலர்கள் குறைந்த ஊரில் கள்வர்கள் நுழைவது போல மற்ற நோய்கள் நுழைகின்றன. அந்த முற்றிய நிலைக்குத்தான் எய்ட்ஸ் என்று பெயர். எச்.ஐ.வி. உள்ள எல்லோரும் எய்ட்ஸ் நோயாளிகள் அல்லர். ‘ஏ.ஆர்.டி.’ எனப்படும் கூட்டு மருந்து கிருமி பெருகுவதைத் தடுக்கிறது. இரத்தத்தில் கிருமியின் அளவு குறைகிறது, காவலர்கள் மீண்டும் பெருகுகிறார்கள். இது கிருமியை உடலிலிருந்து அடியோடு நீக்கும் மருந்தன்று. அதனால்தான் வாழ்நாள் முழுவதும் சாப்பிட வேண்டியிருக்கிறது. சர்க்கரை நோய்க்கும் இரத்தக் கொதிப்புக்கும் நம் வீட்டுப் பெரியவர்கள் தினமும் மாத்திரை சாப்பிடுவதில்லையா? அதுபோலத்தான் இதுவும். உரிய காலத்தில் தொடங்கி ஒழுங்காகத் தொடர்பவர்கள் மற்றவர்களைப் போலவே நீண்ட காலம் வாழ முடியும்.

இந்த மருந்து ஒரு காலத்தில் செல்வந்தர்களுக்கு மட்டும் எட்டக்கூடியதாக இருந்தது. ஓர் ஆண்டு மருந்துக்குப் பத்தாயிரம் டாலருக்கு மேல் செலவாயிற்று. 2001-ஆம் ஆண்டு பிப்ரவரியில், மும்பை சிப்லா நிறுவனத்தின் தலைவர் டாக்டர் யூசுஃப் ஹமீத் அவர்கள், அதே கூட்டு மருந்தை ஆண்டுக்கு 350 டாலருக்குத் தருவதாக எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்புக்கு முன்வந்தார். நாளொன்றுக்கு ஒரு டாலருக்கும் குறைவு! உலகச் சந்தையில் மருந்தின் விலை சரியத் தொடங்கியது. ஆப்பிரிக்காவின் ஏழைகளுக்கு மருந்து கிடைக்க வழி பிறந்தது. ஓர் உயிரை வாழ வைத்தவர் மனிதர் அனைவரையும் வாழ வைத்தவர் போன்றவர் என்ற குர்ஆனின் கருத்தை (5:32) இங்கே எண்ணிப் பாருங்கள்.

2004-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் இந்திய அரசு இம்மருந்தை இலவசமாக வழங்கத் தொடங்கியது. முதலில் தொடங்கிய எட்டு மையங்களில் நம் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனையும் ஒன்று. 1928-இல் டாக்டர் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய அந்த இடம், எச்.ஐ.வி. நோயாளிகளைச் சேர்க்கப் பலரும் தயங்கிய 1990-களில் கதவைத் திறந்து வைத்தது. 2017-லிருந்து சிடி4 எண்ணிக்கை குறையும் வரை காத்திராமல், கிருமி இருப்பது தெரிந்த எல்லோருக்கும் உடனே மருந்து தரப்படுகிறது.

நம் பகுதியினர் அலைய வேண்டியதும் இல்லை. பரிசோதனைக்கு அரசு மருத்துவமனைகளில் ‘நம்பிக்கை மையம்’ இருக்கிறது. கட்டணம் இல்லை, இரகசியம் காக்கப்படும். பூந்தமல்லி நெடுஞ்சாலையில் பஸ் ஏறினால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. ஆவடியிலோ அம்பத்தூரிலோ மின்சார ரயில் ஏறினால் சென்ட்ரலுக்கு எதிரே அரசு பொது மருத்துவமனை. இவ்விரண்டிலும் ஏ.ஆர்.டி. மையம் உண்டு. 1097 என்ற கட்டணமில்லாத் தொலைபேசியில் பெயர் சொல்லாமலேயே ஆலோசனை கேட்கலாம்.

ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். மாத்திரையை விட்டுவிட்டுச் சாப்பிட்டால் கிருமி அந்த மருந்துக்குப் பழகிவிடும். பிறகு அந்த மருந்து பலிக்காது. உடல் அல்லாஹ் தந்த அமானிதம். உங்களை நீங்களே அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கட்டளை (2:195) மாத்திரை டப்பாவுக்கும் பொருந்தும். ஓதித் தண்ணீர் கேட்டு என்னிடம் வருபவர்களுக்கு நான் ஓதித் தருகிறேன். “இந்தத் தண்ணீரைக் கொண்டே மாத்திரையை விழுங்குங்கள்” என்றும் சொல்லி அனுப்புகிறேன்.

ரமளான் நோன்பு

நோன்பு வைக்கலாமா என்று நோயாளிகள் தயக்கத்தோடு கேட்கிறார்கள். இப்போது பெரும்பாலோருக்குத் தரப்படுவது நாளுக்கு ஒரு மாத்திரைதான். உடல் நன்றாக இருப்பவர்கள் மருத்துவரிடம் கேட்டு, இரவு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட வேளையை வைத்துக்கொண்டு நோன்பு நோற்கலாம். உடல் நலிந்தவர்களும், காசநோய் போன்றவற்றுக்குச் சேர்த்து மருந்து எடுப்பவர்களும் மருத்துவர் வேண்டாம் என்றால் விட்டுவிடலாம். குணமான பின் களாச் செய்யலாம். அதற்கும் இயலாத நிலை நீடித்தால் ஃபித்யா உண்டு. நோயாளிக்கு இந்தச் சலுகையைத் தந்தவன் அல்லாஹ் (2:184, 185). அவன் தந்த சலுகையை ஏற்பதும் வணக்கமே. நோன்பு வைக்காதவரைப் பார்த்து ஏன் என்று கேட்டு அவருடைய நோயைச் சபையில் அவிழ்க்காதீர்கள்.

மனைவியும் குழந்தையும்

மருந்தை ஒழுங்காக எடுத்து, பரிசோதனையில் கிருமியின் அளவு கண்டறிய முடியாத நிலைக்குக் குறைந்து அப்படியே நீடித்தால், அவரிடமிருந்து துணைவருக்கு உடலுறவு மூலம் கிருமி பரவுவதில்லை. ஒருவருக்குக் கிருமி இருந்து மற்றவருக்கு இல்லாத தம்பதிகளை வைத்து ஒன்பது நாடுகளில் நடந்த ஆய்வு ஒன்றில் நம் சென்னையும் ஓர் இடமாக இருந்தது. உடனே மருந்து தொடங்கியவர்களிடமிருந்து துணைவருக்குப் பரவுவது 96 விழுக்காடு குறைந்ததாக 2011-இல் அதன் முடிவு வந்தது. பின்னர் ஐரோப்பாவில் நடந்து 2016-இல் வெளியான ஆய்வில், கிருமி அடங்கிய நிலையில் இருந்த துணைவரிடமிருந்து ஒருவருக்கும் பரவவில்லை. ஆனால் அந்த நிலை வந்துவிட்டதா என்பதைப் பரிசோதனையும் மருத்துவரும்தான் சொல்ல வேண்டும். அதுவரை மருத்துவர் கூறும் பாதுகாப்பு முறைகளைக் கைக்கொள்வது கணவன் மனைவிக்குச் செய்யும் கடமை.

மருத்துவம் எதுவும் செய்யாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குப் பரவும் வாய்ப்பு நூற்றுக்கு 15 முதல் 45 வரை. தாய்க்கும் குழந்தைக்கும் உரிய மருந்தைக் கொடுத்தால் அது 5-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. எனவே கர்ப்பிணிகள் பரிசோதனை செய்துகொள்வதை மாமியார்மார்கள் தடுக்காதீர்கள். அதில் அவமானம் ஏதுமில்லை, பிறக்கப்போகும் பேரக்குழந்தையின் பாதுகாப்பு இருக்கிறது.

நிக்காஹ் பேசும்போது நோயை மறைத்தல் கூடாது. ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என்பது நபிமொழியின் கருத்து. சந்தையில் நனைந்த தானியத்தை மறைப்பதற்கே இந்தக் கண்டிப்பு என்றால், ஒரு பெண்ணின் வாழ்வை மறைப்பில் தொடங்குவது எப்படி? உண்மையைச் சொல்லி, அறிந்து சம்மதித்து நடக்கும் நிக்காஹுக்குத் தடையில்லை.

ஜமாஅத் செய்ய வேண்டியவை

முதலாவது, இரகசியம் காத்தல். ஒரு முஸ்லிமின் குறையை மறைப்பவரின் குறையை அல்லாஹ் மறைப்பான் என்ற நபிமொழி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. அந்தச் சகோதரரின் நோய் அவரைத் தாக்கியதைவிட, தெருவில் பரவிய பேச்சே அவரை அதிகம் தாக்கியது. நாட்டுச் சட்டமும் இதில் தெளிவாக இருக்கிறது. 2017-இல் இயற்றப்பட்டு 2018 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், வேலை, கல்வி, வாடகை வீடு, சிகிச்சை ஆகியவற்றில் பாகுபாடு காட்டுவதைத் தடை செய்கிறது. அடக்கஸ்தலத்தையும் இறுதிச் சடங்கையும் மறுப்பதும் அதில் தடுக்கப்பட்டுள்ளது. நம் கப்ருஸ்தானைப் பற்றி நாட்டின் சட்டம் நமக்குச் சொல்லும்படி வைத்துக்கொள்வது நமக்குப் பெருமையா?

இரண்டாவது, ஜகாத். மருந்து இலவசம்தான். பஸ் கட்டணம் இலவசமில்லை. மருத்துவமனை வரிசையில் நிற்கும் நாளின் கூலி இலவசமில்லை. முட்டையும் பாலும் பருப்பும் இலவசமில்லை. தொழிற்பேட்டையில் தினக்கூலி பெறும் ஒருவர் ஒரு நாள் விடுப்பு எடுத்தால் அன்று அடுப்பு எரியாது. இத்தகையோர் ஏழைகள் என்ற வகையில் ஜகாத்துக்கு உரியவர்களே. பைத்துல்மாலில் இருந்து, பெயரை வெளியிடாமல், இமாமும் முத்தவல்லியும் மட்டும் அறிய அதைக் கொடுக்கலாம்.

மூன்றாவது, அறிவு. ஆப்பிரிக்காவின் உகாண்டாவில் இஸ்லாமிய மருத்துவச் சங்கம் 1990-களிலேயே இமாம்களுக்குப் பயிற்சி அளித்து, பள்ளிவாசல்கள் வழியே இந்த நோய் பற்றிய அறிவை வீடு வீடாகக் கொண்டு சென்றது. நாம் முப்பது ஆண்டுகள் பின்தங்கியிருக்கிறோம். கத்னா செய்பவரிடமும், முடி மழிப்பவரிடமும் ஒவ்வொருவருக்கும் புதிய பிளேடு வேண்டும் என்று கேட்டு வாங்குவதிலிருந்தாவது தொடங்குவோம்.

நான்காவது, மய்யித்தைக் குளிப்பாட்டுதல். எச்.ஐ.வி. உள்ளவரின் ஜனாஸாவைக் குளிப்பாட்டலாம், கஃபனிடலாம், சுமக்கலாம், கப்ரில் இறக்கலாம். கையுறையும் மேலங்கியும் அணிய வேண்டும். கையில் காயம் இருந்தால் மறைத்துக் கட்ட வேண்டும். இரத்தம் சிந்தினால் பிளீச்சிங் கரைசல் கொண்டு துடைக்க வேண்டும். உண்மையில் எல்லா ஜனாஸாவுக்கும் இதே முறையைக் கடைப்பிடிப்பதே நல்லது. யாருக்கு என்ன நோய் என்று கேட்க வேண்டிய தேவையும் அப்போது எழாது.

அவருக்கு நான் அளித்த பதில்

அன்று அந்த வீட்டில் அவரது கேள்விக்கு உடனே பதில் சொல்ல எனக்கு நா எழவில்லை. முதலில் அந்த இஃப்தார் நாளுக்காக அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். பிறகு, “தம்பி, நான் முந்திவிட்டால் நீங்கள் என்னைக் குளிப்பாட்ட வாருங்கள். நீங்கள் முந்தினால் நான் வருவேன். ஆனால் இப்போது எழுந்திருங்கள், மருத்துவமனைக்குப் போவோம்” என்றேன். அவருடைய மனைவி உள்ளேயிருந்து தேநீர் அனுப்பினார். அதே குவளையில் அவர் பாதி குடித்து வைத்ததை நான் வாங்கிக் குடித்தேன். பரவாது என்று எனக்குத் தெரிந்திருந்தும் என் கை நடுங்கியது என்பதை இந்த மிம்பரில் ஒப்புக்கொள்கிறேன். நடுக்கம் ஒருநாள்தான். அதன் பிறகு வரவில்லை.

அவர் காசநோய்ச் சிகிச்சையை முடித்தார். கூட்டு மருந்தை மீண்டும் தொடங்கி இன்றுவரை ஒரு நாளும் விடாமல் எடுத்து வருகிறார். இன்று வேலைக்குப் போகிறார். அவருடைய மனைவிக்குக் கிருமி இல்லை. மருத்துவர் ஆலோசனையோடு பெற்ற குழந்தைக்கும் இல்லை, அல்ஹம்துலில்லாஹ். எங்கள் மோதினார் இரண்டாண்டுகளுக்கு முன் அல்லாஹ்வின் அழைப்பை ஏற்றபோது, அவரைக் குளிப்பாட்ட முதலில் வந்து நின்றவர் அந்தச் சகோதரர்தான்.

மறுமை நாளில் அல்லாஹ், நான் நோயுற்றிருந்தேன், நீ என்னை நலம் விசாரிக்க வரவில்லையே என்று மனிதனிடம் கேட்பதாக ஸஹீஹ் முஸ்லிமின் ஹதீஸ் கூறுகிறது. அவனது அடியான் ஒருவன் நோயுற்றிருந்ததையும், அங்கே சென்றிருந்தால் அல்லாஹ்வைக் கண்டிருக்கலாம் என்பதையும் அப்போது அறிந்து மனிதன் கைசேதப்படுவான். அந்தக் கைசேதம் நமக்கு வேண்டாம்.

ஜும்ஆவுக்குப் பின் என் அறையில் ஒரு நோட்டுப் புத்தகம் இருக்கும். எந்த நோய் கண்டு இறந்தவரானாலும் அந்த மய்யித்தைக் குளிப்பாட்டத் தயாராக இருப்பவர்கள் தங்கள் பெயரை எழுதுங்கள். முதல் பெயராக என் பெயரை எழுதி வைத்திருக்கிறேன்.

யா அல்லாஹ்! நோயுற்றிருக்கும் எங்கள் சகோதர சகோதரிகளுக்குப் பூரண ஷிஃபாவைத் தருவாயாக! மருந்தில் பலனையும், அதைத் தொடரும் பொறுமையையும் தருவாயாக! எங்கள் இளைஞர்களின் கற்பைக் காப்பாயாக! எங்கள் நாவுகளைப் புறம்பேசுவதிலிருந்தும், எங்கள் உள்ளங்களை அருவருப்பிலிருந்தும் தூய்மைப்படுத்துவாயாக! நோயாளிகளைப் பராமரிக்கும் மருத்துவர்களுக்கும், செவிலியர்களுக்கும், குடும்பத்தாருக்கும் நற்கூலி வழங்குவாயாக! எங்கள் அனைவரின் இறுதி முடிவையும் ஈமானோடு ஆக்கி வைப்பாயாக! ஆமீன், ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.